ஆலையில் மணப்பந்தல்: நாசரேத்தும் நியூ லேனார்க்கும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளிலே ஊழியஞ்செய்யும் குருமார் யாவரும் அறிந்த விவாதம் ஒன்று உண்டு. சேகரக் கமிட்டி கூடும்போது, ஆலய வளாகத்தின் ஓரத்திலே நிற்கும் பழைய கட்டடத்தைக் குறித்துப் பேச்சு எழும்பும். அது ஒரு காலத்தில் நெசவுக்கூடமாகவோ, தச்சுப்பட்டறையாகவோ, அனாதைப் பிள்ளைகள் தொழில் கற்ற கொட்டகையாகவோ இருந்திருக்கும். இப்போது ஓடுகள் உடைந்து, உத்திரங்களில் கறையான் ஏறிக் கிடக்கும். அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்பார் ஒருவர். இடிக்காமலே செப்பனிட்டு மண்டபமாக்கலாம் என்பார் வேறொருவர். முகூர்த்த நாள் ஒன்றுக்கு என்ன வாடகை கிடைக்கும் என்று பொருளாளர் கணக்குப் போடத் தொடங்குவார். அக்கட்டடத்தில் யார் வேலைசெய்தார்கள், என்ன கூலிக்கு, எத்தனை மணிநேரம் என்று கேட்பவர் அரிது. அக்கேள்வியை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாசரேத்திலிருந்தே தொடங்குவோம். சாண்பத்து என்னும் பழம்பெயர் கொண்டிருந்த இவ்வூர், செந்நிறத் தேரி மணலுக்கும் பனங்காடுகளுக்கும் அண்மையில் அமைந்த கிறிஸ்தவக் குடியேற்றமாக வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இவ்வூரார் பெரும்பாலும் பனையை நம்பி வாழ்ந்தனர். பனை பயன்தரும் மாதங்களில் ஆடவர் காலையும் மாலையும் மரமேறினர். பெண்டிர் பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டியாக்கினர். எஞ்சிய மாதங்களில் கடனே அவர்களைக் காத்தது, கடனே அவர்களைக் கட்டியும் போட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் இவ்வூரையும் தொட்டது. அப்பஞ்ச காலத்தில் நாசரேத்துக்கு வந்து பொறுப்பேற்றவர் ஆர்தர் மர்காஷிஸ் ஐயர். மருத்துவம் பயின்றவர், எஸ்.பி.ஜி. சங்கத்தின் மிஷனெரி. பஞ்சத்தால் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து அவர் அனாதைச் சாலை நிறுவினார்; அப்பிள்ளைகள் பிச்சைப் பாத்திரத்தோடு வாழ்நாளைக் கழிக்கலாகாது என்று 1878-ல் கைத்தொழிற்பள்ளியைத் தொடங்கினார். தச்சு, கொல்லு, தையல், நெசவு முதலிய தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன; பெண்பிள்ளைகள் பின்னல் வேலை கற்றனர். 1908-ல் அவர் மறையும் வரை, ஏறத்தாழ 32 ஆண்டுகள், ஆஸ்துமா நோயோடு போராடிக்கொண்டே இவ்வூரில் உழைத்தார்.

அக்காலத்தில் சாதியும் தொழிலும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மரமேறியின் மகன் மரமேறியாகவே இருக்கவேண்டும் என்பது ஊரார் எழுதாமல் எழுதிவைத்த சட்டம். அவன் கையில் உளியையும் சம்மட்டியையும் கொடுப்பது ஒரு பிழைப்புக்கு வழிசெய்வது மாத்திரமன்று. அந்த எழுதாத சட்டத்தைக் கிழிப்பதுமாகும். மேற்குக் கரையில் பாசல் மிஷன் செய்ததும் இதுவே. 1834-ல் மங்களூரில் தொடங்கிய அம்மிஷனார், விசுவாசிகளானவர் குலத்தொழிலையும் குடியிருப்பையும் இழந்து தவித்ததைக் கண்டு, 1840-களில் நெசவாலையும், 1865-ல் ஓட்டாலையும் நிறுவினர். இன்று உலகெங்கும் படைவீரர் உடுத்தும் காக்கி நிறத்துணி அம்மிஷனின் நெசவுக்கூடத்தில் சாயமேற்றப்பட்ட வரலாறு பலர் அறிந்ததே. முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியத் தொடர்புடையவை என்பதனால் அவ்வாலைகள் மிஷனின் கையை விட்டுப் போயின. பின்னர் அவை காமன்வெல்த் டிரஸ்டு என்னும் நிறுவனத்தின் பெயரால் நடந்தன. சபை ஒன்று முதலாளியாகவும் இருப்பது எத்தனை இடர்ப்பாடு நிறைந்தது என்பதற்கு அவ்வரலாறு நல்ல பாடம். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து பரிமாறுகிறவரே திங்கட்கிழமை கூலியைக் குறைக்கிறவராகவும் இருக்க நேர்ந்தால், சபையார் அவரை எந்த முகத்தோடு நோக்குவர்? இதனைத் தனியே ஆராயவேண்டும்; இங்கே விரிப்பதற்கில்லை.

இனி நமது பொருளுக்கு வருவோம். தொழில் நின்றுபோன கட்டடம் விருந்துக் கூடமாவது நமது நாட்டில் புதிதன்று. ஊர்தோறும் அரிசி ஆலைகளும் திரையரங்குகளும் கல்யாண மண்டபங்களாக மாறியிருப்பதைக் காண்கிறோம். இலங்கையில் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில், ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை 1996 முதல் உல்லாச விடுதியாக நடைபெறுகிறது. கொழுந்து உலர்த்திய தட்டுகளின் மேல்தளங்களே இன்று விருந்தினர் துயிலும் அறைகள். அத்தேயிலையைக் கிள்ளியவர் நம்மவர், லயத்து அறைகளில் வாழ்ந்தவர் நம்மவர் என்பதை நாம் நினைவூட்டவேண்டியதில்லை. சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளுக்கு வேறு கதி நேர்ந்தது. 1921-ன் வேலைநிறுத்தத்தால் வரலாற்றில் இடம்பெற்ற அவ்வாலைகள் 1996-ல் மூடப்பட்டன. சில காலம் திரைப்படக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடம்விட்டன. நாசரேத்திலேயே ஒரு கூட்டுறவு நூற்பாலை இயங்கி, மூடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. மூடிய ஆலை என்பது ஆராய்ச்சியாளருக்கு மாத்திரம் உரிய பொருளன்று. அதன் வாசலில் நின்று பெருமூச்சு விடுகிறவர்கள் நமது ஆலயப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆயினும் இம்மாற்றத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டுமாயின், நாம் ஸ்காட்லாந்துக்குப் போகவேண்டும். கிளைடு ஆற்றின் அருவிகளுக்குக் கீழே, ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நிற்கும் நியூ லேனார்க் என்னும் ஆலைக் கிராமமே அவ்விடம். அங்கே ஒன்றாம் எண் ஆலை என வழங்கும் கற்கட்டடம் 1998 முதல் விடுதியாக இயங்குகிறது. அங்கே திருமணங்களும் விருந்துகளும் நடைபெறுகின்றன. 2001-ல் அக்கிராமம் முழுவதும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

அதனை நிறுவிய டேவிட் டேல், திருமறைக் கல்லூரி மாணவர் அறியவேண்டிய மனிதர். 1739-ல் எளிய குடும்பத்தில் பிறந்து, பெய்ஸ்லி நகரில் நெசவுத்தொழில் கற்று, கிராமங்களில் நூல் வாங்கி விற்று, கிளாஸ்கோவில் பெருவணிகரானவர். ஸ்காட்லாந்துத் திருச்சபையை விட்டுப் பிரிந்த ஒரு சிறு சுயாதீன சபையின் மூப்பராக நின்று, ஞாயிறுதோறும் தாமே பிரசங்கம் செய்துவந்தார்; வேதத்தை மூலமொழியில் படிப்பதற்கென்று கிரேக்கமும் எபிரெயமும் கற்றுக்கொண்டார் என்பர். நூற்புப் பொறியால் புகழ்பெற்ற ரிச்சர்டு ஆர்க்ரைட்டோடு கூட்டுச்சேர்ந்து, அருவியின் வேகத்தை நம்பி 1785-ல் ஆலை கட்டத் தொடங்கினார். மறு ஆண்டே கதிர்கள் சுழன்றன. 1788-ல் முதல் ஆலை தீக்கிரையாயிற்று. அது திரும்பக் கட்டப்படும் வரை வேலையில்லாதிருந்தவர்களுக்கும் டேல் கூலி கொடுத்துவந்தார். இன்று மணமக்கள் விருந்துண்ணும் ஒன்றாம் ஆலை, அவ்வாறு மறுபடி எழும்பிய கட்டடமே.

டேலின் நற்பெயருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1793-ல் ஆலையில் வேலைசெய்த ஏறத்தாழ 1,150 பேரில் ஏறத்தாழ 800 பேர் சிறார். அவர்களில் பலர் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் ஏழையர் இல்லங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட திக்கற்ற பிள்ளைகள். நான்காம் எண் ஆலையிலேயே அவர்களுக்கு உறைவிடம்; ஒரு படுக்கைக்கு மூவர். காலை 6 மணிக்கு வேலை தொடங்கும்; இடையில் காலையுணவுக்கும் மதிய உணவுக்கும் சற்று ஓய்வு; மாலை 7 மணிக்கு வேலை முடியும்; அதன்பின் 9 மணிவரை பள்ளி. ஏழு வயதுப் பிள்ளை பதினோரு மணிநேரத்துக்கு மேல் இழை முடிந்துவிட்டு, பிறகு எழுத்துக் கற்க உட்கார்ந்தால் அதன் கண்கள் எத்தனை நேரம் விழித்திருக்கும்? இருப்பினும் டேலின் பிள்ளைகள் நல்ல உணவு உண்டனர், தூய ஆடை உடுத்தனர், பயிற்சிபெற்ற ஆசிரியரிடம் படித்தனர் என்று அக்காலத்தவர் வியந்து எழுதினர். வேறு ஆலைகளில் நடந்ததோடு ஒப்பிட்டால் அவர் கருணையாளரே. இன்னொன்றும் சொல்லவேண்டும். அடிமை வாணிகத்தை ஒழிக்க கிளாஸ்கோவில் அமைந்த சங்கத்துக்கு டேல் தலைமை தாங்கினார். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் ஆலைகளுக்கு வந்த பஞ்சின் பெரும்பங்கு, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் பயிரிட்டது. பிரசங்க மேடையிலிருந்து பார்த்தபோது தெரிந்த அநீதி, பஞ்சுப் பொதியை அவிழ்க்கும்போது தெரியாமற் போயிற்று. அவரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நமது கண்களுக்கும் இவ்வித மறைவு உண்டென்று அஞ்சியே சொல்லுகிறோம்.

நாசரேத்தின் அனாதைப் பிள்ளைகளையும் நியூ லேனார்க்கின் அனாதைப் பிள்ளைகளையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறவர்கள், ஒற்றுமையினும் வேற்றுமையையே மிகுதியாய்க் காண்பர். இரண்டு இடத்திலும் பக்திமான் ஒருவர் திக்கற்ற பிள்ளைகளைச் சேர்த்தார். இரண்டு இடத்திலும் வேலையும் படிப்பும் ஒரே நாளுக்குள் வைக்கப்பட்டன. ஆனால் லேனார்க்கில் ஆலைக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டனர். நாசரேத்தில் பிள்ளைகளுக்குப் பட்டறை தேவைப்பட்டது. ஒன்றில் ஆலை முந்தியது, மற்றதில் பஞ்சம் முந்தியது. தொழிற்பள்ளி என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்துவிட்டு மிஷன் வரலாற்றை எழுதுவோர், இவ்வேற்றுமையைக் கவனித்தல் நன்று.

டேலின் மூத்த மகள் கரோலினை 1799 செப்டெம்பர் 30-ல் மணந்தவர் இராபர்ட் ஓவன். திருமணத்தைப் பற்றிய நமது கட்டுரையில் அம்மணவிழாவைச் சொல்லாமல் விடலாகாது. அது ஆலயத்திலும் நடக்கவில்லை, ஆலையிலும் நடக்கவில்லை. கிளாஸ்கோவில் டேலின் வீட்டுக் கூடத்தில் நடந்தது. ஸ்காட்லாந்து வழக்கப்படி குருவானவர் இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஒருவரையொருவர் ஏற்கச் சம்மதமா என்று கேட்டார், இருவரும் தலையசைத்தனர், மணம் முடிந்தது. சடங்கின் சுருக்கத்தைக் கண்டு வேல்சு நாட்டவரான மணமகனே திகைத்துப்போனதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் பிற்காலத்தில் குறித்திருக்கிறார். எத்தனை பெரிய முதலாளியின் மகள்! ஐந்து நிமிடத்தில் முடிந்த திருமணம்! நமது மண்டபங்களில் ஒலிபெருக்கியை நிறுத்தவே ஐந்து நிமிடமாகிறது.

மருமகன் தம் கூட்டாளிகளோடு அறுபதினாயிரம் பவுனுக்கு மாமனாரிடமிருந்து ஆலையை வாங்கி, 1800 சனவரியில் நிர்வாகத்தை ஏற்றார். ஏழையர் இல்லத்துப் பிள்ளைகளைக் கொண்டுவருவதை நிறுத்தினார். பத்து வயதுக்குட்பட்டவரை வேலைக்கு எடுப்பதை ஒழித்தார். 1816 சனவரி முதல் நாளில் ஒரு கல்விக்கூடத்தைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகள் முதல் பகலில் உழைத்துக் களைத்த ஆடவர் பெண்டிர் வரை யாவருக்கும் அங்கே இடமிருந்தது. பாட்டும் நடனமும் பாடத்திட்டத்தில் இருந்தன. இந்நடனமே பின்னர்ப் பெரும் பிணக்குக்குக் காரணமாயிற்று. ஓவனின் கூட்டாளிகளில் ஒருவரான வில்லியம் ஆலன் குவேக்கர் சமயத்தவர். பிள்ளைகளுக்கு நடனம் கற்பிப்பதையும், வேத பாடம் குறைக்கப்படுவதையும் அவர் பொறுக்கவில்லை. 1817-ல் ஓவன் லண்டன் கூட்டமொன்றில் எல்லாச் சமயங்களையும் பகிரங்கமாகக் கண்டித்தபின் பிளவு ஆழமாயிற்று. 1820-களின் நடுவில் அவர் லேனார்க்கை விட்டே விலகினார்.

இங்கே சபை வரலாற்று மாணவருக்கு ஒரு சங்கடமான உண்மை எதிர்ப்படுகிறது. விசுவாசியான டேல், பிள்ளைகளை இரவு ஏழு மணிவரை வேலைவாங்கினார். அவிசுவாசியான ஓவன், பிள்ளைகளை ஆலையிலிருந்து வெளியே எடுத்துப் பள்ளியில் ஆடவும் பாடவும் விட்டார். குழந்தைத் தொழிலை வரையறுக்கும் சட்டத்துக்காகப் பாராளுமன்றத்தின் வாசலில் ஆண்டுக்கணக்கில் நின்றார். 1819-ல் வந்த அச்சட்டமோ, அவர் கேட்டதிற் பாதியைக்கூடத் தரவில்லை. பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டவரை விலக்கியதோடும், பதினாறு வயதுக்குட்பட்டவர்க்குப் பன்னிரண்டு மணிநேர எல்லை வகுத்ததோடும் நின்றுவிட்டது. அச்சட்டத்தை எதிர்த்த ஆலை முதலாளிகளில் ஞாயிறு தவறாமல் ஆலயம் சென்றவர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஆலைக் கிராமத்தில் ஆடலும் பாடலும் இன்றைய விடுதிக்காரர் புகுத்திய புதுமையன்று என்பதும் இதனால் விளங்கும். உழைப்பாளர்கள் தாங்களே ஆடுவதற்கென்று அங்கே இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கூடம் இருந்தது. இன்று ஆடுகிறவர்கள் வேறு, அவ்வளவே.

ஓவனுக்குப்பின் ஆலை கைமாறிக் கைமாறி 1968 வரை இயங்கியது. மூடப்பட்டபின் 1970-ல் பழைய உலோகம் பிரித்தெடுக்கும் நிறுவனம் ஒன்று ஆலைக் கட்டடங்களை வாங்கியது. முற்றத்தில் துருப்பிடித்த இரும்பு குவிந்தது. கிராமத்தைக் காக்க 1974-ல் பாதுகாப்பு அறக்கட்டளை தோன்றியது. 1983-ல் கட்டாயக் கையகப்படுத்துதல் மூலமே ஆலைகள் மீட்கப்பட்டன. இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொட்டது ஒன்று உண்டு. ஆலை மூடப்படுவதற்கு முன்னரே, 1963-ல், ஒரு சங்கம் அமைத்துத் தொழிலாளர் வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினர். வீடுகளே முதலில் செப்பனிடப்பட்டன. விடுதி 35 ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. இன்றும் அவ்வீடுகளில் மக்கள் குடியிருக்கின்றனர். மூன்றாம் ஆலையில் பழைய நூற்பு இயந்திரம் ஒன்று கம்பளி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறது. அந்நூல் விற்பனைக்கும் வருகிறது. திருமண விருந்தின் வருவாய் கிராமத்தின் கூரைகளைக் காக்கிறது. இவ்வொழுங்கை நாம் பாராட்டுகிறோம். குடியிருந்தவரை முதலில் வெளியேற்றி, சுவருக்கு வர்ணம் பூசி, பழைய சக்கரத்தை அலங்காரப் பொருளாக வாசலில் நிறுத்தும் மாற்றங்களோடு இதனை ஒன்றாக எண்ணலாகாது.

டேல் நெசவு கற்ற பெய்ஸ்லியின் கதை இதற்கு நேர்மாறானது. நம் கடற்கரைக்கு அது நெருங்கியதுங்கூட. தையல்நூலால் உலகாண்ட கோட்ஸ் குடும்பத்தாரின் ஊர் அது. அவர்களுடைய பெயர் தூத்துக்குடியாருக்குப் பழக்கமானது. ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துச் சகோதரர் 1885-ல் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையால் அம்பாசமுத்திரத்தருகே நூற்பாலை நிறுவினர். சில ஆண்டுகளில் தூத்துக்குடியில் கோரல் ஆலையும், 1892-ல் மதுரையில் ஆலையும் தொடங்கினர். அந்த மதுரை ஆலைகள் 1974-ல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. பெய்ஸ்லியில் கோட்ஸ் குடும்பத்தார், 1883-ல் மறைந்த தாமஸ் கோட்ஸின் நினைவாக மாபெரும் பாப்திஸ்து ஆலயம் ஒன்றைக் கட்டி 1894-ல் பிரதிஷ்டை செய்தனர். கிரீடம் போன்ற கோபுரமும், பளிங்கும், பெரிய ஆர்கனும் உடைய அவ்வாலயத்தை, பாப்திஸ்து சபையாரின் பேராலயம் என்றே அழைத்துவந்தனர். சபையார் குறைந்தனர், கட்டடத்தைப் பேணும் செலவு கூடியது, 2018-ல் கடைசி ஆராதனை நடந்தது. அதன்பின் அவ்வாலயமே கச்சேரிகளுக்கும் திருமண விழாக்களுக்கும் உரிய இடமாக்கப்பட்டது. லேனார்க்கில் ஆலை மணமண்டபமாயிற்று. பெய்ஸ்லியில் ஆலை ஈட்டிய பணத்தால் எழுந்த ஆலயம் மணமண்டபமாயிற்று. நமது வளாகத்துப் பட்டறையைக் குறித்து விவாதிக்கும் கமிட்டியார், இவ்விரண்டாவது செய்தியையும் காதில் போட்டுக்கொள்ளவேண்டும்.

கோரல் ஆலையைப் பற்றி இன்னும் சில வார்த்தை. 1908 பிப்ரவரி இறுதியில், வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் ஊக்கத்தால் அவ்வாலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று வார விடுமுறை. ஓய்வுநாள் ஆசரிப்பில் உலகெங்கும் பெயர்பெற்ற நாடு ஸ்காட்லாந்து. அங்கே ஞாயிறன்று சீட்டி அடிப்பதும் குற்றமென்று வேடிக்கையாய்ச் சொல்லுவதுண்டு. அந்நாட்டவரின் ஆலையில், ஏழில் ஒரு நாள் ஓய்வைக் கேட்டுப் பெறுவதற்கு இந்துத் தேசபக்தர் இருவர் முன்வரவேண்டியிருந்தது. ஒன்பது நாளில் வேலைநிறுத்தம் வெற்றியடைந்தது. அதே மார்ச்சு மாதத்தில் பிள்ளையவர்கள் கைதானார். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் மறைந்ததும் அவ்வாண்டே. நாற்காததூரங்கூட இல்லாத இவ்விரண்டு இடங்களையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய சபை வரலாறு இன்னும் நமக்குத் தேவையாயிருக்கிறது.

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பழைய ஆலைகள் இத்தனை விரைவாக மணக்கூடங்களானதற்குச் சட்டமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் 1753-ன் சட்டம் திருமணத்தை அரசு சார்ந்த திருச்சபையின் ஆலயத்துக்குள் அடைத்தது. குவேக்கருக்கும் யூதருக்கும் மாத்திரம் விலக்கு அளித்தது. 1836-ல் வந்த சட்டம் மற்றச் சபையாரின் ஆலயங்களுக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் கதவைத் திறந்தது. 1994-ன் சட்டத்தின்பின் அரசு ஒப்புதல் பெற்ற எக்கட்டடத்திலும் பதிவுத் திருமணம் நடத்தலாம் என்றாயிற்று. ஸ்காட்லாந்தில் 2002-ன் சட்டம் அதற்கு ஒத்த உரிமையை அளித்தது. நமது நாட்டிலோ 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையிலேதான் மணம் நடைபெறவேண்டுமென்று பொதுவிதி வகுத்தது. ஆங்கிலத் திருச்சபைக் குருமார் ஐந்து மைலுக்குள் ஆலயம் இருக்குமாயின், அத்தியட்சரின் விசேஷ உத்தரவின்றி வேறிடத்தில் மணம் முடிக்கலாகாது என்றும் அது விதித்தது. ஆகவே நம் பக்கத்தில் உடன்படிக்கை ஆலயத்திலும் விருந்து வேறிடத்திலும் என்னும் பிரிவு வேரூன்றியது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, ஆலயத்தில் கைப்பிடித்துக் கொடுத்து, பின்னர் வீட்டு முற்றத்துப் பந்தலில் பந்தி வைப்பதே நமது முன்னோர் வழக்கம். அப்பந்தலுக்குத் தென்னங்கீற்றும் பனங்கையும் ஊரார் கொண்டுவந்தனர். சமையலுக்கு உறவினர் கூடினர். மண்டபம் வந்தபின் பந்தல் போயிற்று. பந்தலோடு ஊராரின் கையுழைப்பும் போயிற்று. அதன் இடத்தில் வாடகைச் சீட்டு வந்தது. பெண்வீட்டாரின் கடன் எவ்வளவு கூடியது என்பதைக் கல்யாணத்துக்கு மறுமாதம் வீடு சந்திக்கச் செல்லும் சேகர குருவைவிட நன்கறிந்தவர் யார்?

கலிலேயாவின் கானா ஊர் நாசரேத்துக்கு அண்மையிலுள்ளது. அங்கே நடந்த கலியாணத்தை வருணிக்கும் யோவான், நமது விவாதத்துக்கு உதவும் ஒரு நுட்பத்தைப் பதிவுசெய்கிறார். திராட்சரசம் எங்கேயிருந்து வந்ததென்று பந்தி விசாரிப்புக்காரன் அறியான். மணமகனும் அறிந்ததாகத் தெரியவில்லை. தண்ணீரை மொண்டு சுமந்த வேலைக்காரர் மாத்திரம் அறிந்திருந்தனர். ஆறு கற்சாடிகளை விளிம்பு மட்டும் நிரப்புவது சிறிய வேலையன்று. வியாக்கியானக்காரர் திராட்சரசத்தின் அடையாளப் பொருளை விரித்துரைக்கும் அளவுக்கு அச்சுமையை எண்ணிப் பார்ப்பதில்லை. அடையாளத்தை முதலில் கண்டவர்கள் உழைத்தவர்களே என்பது சுவிசேஷகனின் கருத்திலிருந்து நழுவியதன்று.

எனவே, பட்டறை மண்டபமாகலாமா என்று நம்மைக் கேட்பவர்க்கு, ஆகலாகாது என்று நாம் சொல்லமாட்டோம். சந்தோஷம் உழைப்புக்குப் பகையன்று. அசனப் பண்டிகையன்று ஒரே பந்தியில் உட்காரும் சபைக்கு அதனை எடுத்துச் சொல்லவேண்டியதுமில்லை. ஆனால் கமிட்டியார் சிலவற்றை ஆராய்ந்து பார்க்கட்டும். அங்கே தொழில் கற்ற பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு எங்கேயிருக்கிறது? கறையான் கூரையை மாத்திரமா தின்றது, பதிவேட்டையுமா? வாடகைப் பணத்தில் ஒரு பங்கு இன்று தொழில் கற்கும் ஏழைப் பிள்ளைக்குப் போகுமா? அவ்வளாகத்தின் ஓரத்தில் பரம்பரையாய்க் குடியிருப்போர் இருக்கவிடப்படுவரா? அச்சபையின் ஏழை விசுவாசி தன் மகளின் கல்யாணத்துக்கு அதே மண்டபத்தைத் தன்னால் இயன்ற தொகைக்குப் பெறக்கூடுமா? இவற்றுக்கு விடை கண்டபின் வர்ணம் எதுவென்று பேசலாம். நாசரேத்தின் கைத்தொழிற்பள்ளி மண்டபமாகவில்லை. தொழிற்பயிற்சி நிலையமாகத் தொடர்ந்தது. பஞ்சத்தில் பிறந்த அப்பள்ளி பஞ்சம் நீங்கியபின்னும் தன் வேலையை விடவில்லை.

லேனார்க்கைக் குறித்து இன்னும் ஒரு செய்தி. ஒன்றாம் ஆலையின் மேல்தளங்கள் இரண்டு 1945-ல் நீக்கப்பட்டிருந்தன; விடுதி அமைத்தவர்கள் அவற்றைப் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினர். இரண்டாம் ஆலையும் மூன்றாம் ஆலையும் நிற்கின்றன. திக்கற்ற பிள்ளைகள் மூவர் மூவராய்ப் படுத்துறங்கிய நான்காம் ஆலை 1883-ல் தீக்கிரையாயிற்று. அதனை ஒருவரும் திரும்பக் கட்டவில்லை. மற்ற ஆலைகளின் வரிசையில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கிறது.